கணிதப் பேராசான் மகாவீராசாரியர்

ஆதிபகவன் தம் பெண்மக்கள் இருவருள் பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்தருளினார் என்பது தமிழ்ச் சமணர் இல்லங்களில் பாட்டிமார் சொல்லப் பிள்ளைகள் கேட்டு வளரும் வரலாறு. ஏட்டையும் எண்ணையும் முதலில் பெற்றவர்கள் பெண்கள் என்பது அதில் தனிச் சிறப்பு. இவ்வரலாற்றை வடமொழியில் ஆதிபுராணமாக விரித்தவர் ஜினசேனாசாரியர். அவர் தொடங்கி அவருடைய மாணாக்கர் குணபத்திரர் நிறைவு செய்த மகாபுராணமே மணிப்பிரவாள நடையில் ஸ்ரீபுராணமாகத் தமிழர் கைக்கு வந்தது. ஜினசேனரை ஆசானாகப் போற்றிய இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன். அதே மன்னனின் காலத்தில், சுந்தரி கற்ற அந்த எண்ணுக்கு ஒரு முழுநூல் செய்தவர் மகாவீராசாரியர். புராணத்தைத் தந்த ஆசாரியரை அறிந்த அளவுக்குக் கணிதத்தைத் தந்த ஆசாரியரை நம் மக்கள் அறிந்திலர்.

பெயர் ஒற்றுமையும் இதற்கு ஒரு காரணமாகலாம். மகாவீரர் என்றதும் உள்ளத்தில் எழுபவர் இருபத்து நான்காம் தீர்த்தங்கரர் வர்த்தமான சுவாமியே. கணித ஆசாரியர் அப்பெருமானின் நிர்வாணத்துக்கு ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் பிற்பட்டவர். பெருமானின் திருப்பெயரைத் தாங்கிய திகம்பர நெறியினர். கி.பி. 850-ஐ ஒட்டிய காலத்தில் அவர் இயற்றிய நூல் கணிதசாரசங்கிரகம். அந்நூலில் அவர் ஜினேந்திரரை வணங்குகிறார். எண்ணறிவு என்னும் விளக்கால் உலகனைத்தையும் ஒளிரச் செய்தவர் என்று மகாவீரப் பெருமானைப் போற்றுகிறார். நாடாளும் மன்னனைச் சியாத்வாத நெறி நிற்பவன் என வாழ்த்துகிறார். தம் பெற்றோர், பிறந்த ஊர், பெற்ற சிறப்புகள் ஆகியவற்றைப் பாடுவதில் அவருக்கு நாட்டமில்லை. ஆகவே அவருடைய வாழ்வை அவர் வகுத்த கணக்குகளின் வழியாகவே காண வேண்டியுள்ளது. அவர் எத்தகைய ஆசிரியர், யாருக்காக எழுதினார், எவற்றையெல்லாம் கண்ணூன்றிப் பார்த்தார் என்பதை அக்கணக்குகள் ஐயமின்றிக் காட்டுகின்றன.

அமோகவர்ஷ நிருபதுங்கன் கி.பி. 814 முதல் 878 வரை அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டவன். இளம் வயதில் அரியணை ஏறியவன். இன்று கருநாடகத்துக் கலபுரகி மாவட்டத்தில் மால்கேட் எனப்படும் சிற்றூரே அவன் தலைநகரான மான்யகேடம். உலகின் நான்கு பெருவேந்தருள் ஒருவனாக அவனை அரபு வணிகர் சுலைமான் குறித்தார். கன்னடத்தில் இன்று கிடைப்பனவற்றுள் மிகப் பழைய நூலான கவிராஜமார்க்கம் அவன் அவையோடு தொடர்புடையது. வீரசேனரின் தவளா உரை 816-ல் நிறைவுற்றது. ஜயதவளாவை ஜினசேனர் 837-ல் முடித்தார். சாகடாயனர் தம் இலக்கண உரைக்கு மன்னன் பெயரையே சூட்டி அமோகவிருத்தி என்றார். புராணமும் சித்தாந்தமும் இலக்கணமும் ஒருங்கே வளர்ந்த அச்சூழலில் கணிதமும் தனக்கென ஓர் இருக்கை பெற்றது.

அக்காலத்துத் தமிழகத்திலும் அறவோர் பணி ஓய்ந்திருக்கவில்லை. பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் ஆட்சியில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் சித்தன்னவாசல் குடைவரையைப் புதுப்பித்தான். தென்காசி, மேலகரம் பக்கத்திலிருந்து சங்கரன்கோவில் வழியே வடகிழக்காகச் செல்வோர் காணும் கழுகுமலையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பெற்றதும் அந்த நூற்றாண்டை ஒட்டியே. அவற்றின் கீழ் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்ட பெயர்களில் குரவரும் குரத்தியரும் மாணாக்கரும் இருக்கின்றனர். கற்பித்தலும் கற்றலும் அறவோர் வாழ்விலிருந்து பிரிக்க இயலாதவையாக இருந்தன. துறவியர் உறைவிடத்துக்கு வழங்கிய பள்ளி என்னும் சொல்லே கல்விக்கூடத்துக்கும் பெயராயிற்று. மான்யகேடத்து ஆசாரியரையும் இப்பின்னணியில் வைத்தே நோக்க வேண்டும்.

சமண மரபுக்குக் கணிதம் வெளியிலிருந்து வந்த கலையன்று. ஆகமப் பொருளை நான்கு அனுயோகங்களாக வகுக்கும்போது, உலக அமைப்பையும் அதன் அளவுகளையும் கூறும் கரணானுயோகம் முழுவதும் எண்ணின் மீதே நிற்கிறது. ஜம்புத்வீபத்தின் விட்டம் ஒரு லட்சம் யோசனை. அதன் சுற்றளவு யாது என்று கேட்ட அளவிலேயே வட்டக் கணக்கு பிறந்துவிடுகிறது. விட்டத்தைப் பத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கிச் சுற்றளவு காண்பது சமணரின் பழைய முறை. மகாவீராசாரியரும் நுட்பமான அளவுக்கு இதனையே கொண்டார்.

ஆயினும் அவருடைய தனிச்சிறப்பு மறுதிசையில் இருக்கிறது. மூவுலக அளவைக்குப் பயன்பட்ட எண்ணை அவர் கடைத்தெருவுக்கும் அடுக்களைக்கும் கட்டுமானக் களத்துக்கும் இறக்கிக் கொண்டுவந்தார். ஆரியபடரும் (499) பிரமகுப்தரும் (628) கணிதத்தை வானியல் நூல்களில் சில அதிகாரங்களாகவே அமைத்தனர். கோள்களின் இயக்கத்தை அறிய முனைவோருக்கு அது ஒரு கருவி. மகாவீராசாரியரோ வானியலை விலக்கிக் கணிதத்துக்கென்றே தனிநூல் செய்தார். நூலின் தொடக்கத்தில் கணிதத்தின் பயனை அடுக்கிச் சொல்லும்போது இசை, நாடகம், மருத்துவம், மனைநூல், யாப்பு, இலக்கணம் ஆகியவற்றோடு சமையலையும் சேர்த்துக்கொள்கிறார். அசைவனவும் அசையாதனவுமாக உலகில் உள்ள எதுவும் எண்ணை விட்டு நிற்பதில்லை என்பது அவர் கொள்கை. சோறு சமைப்பவரும் சந்தம் அமைப்பவரும் ஒரே ஆசிரியரிடம் கற்கலாம் என்ற பரந்த நோக்கு இது.

நூல் ஒன்பது அதிகாரங்களும் 1,100-க்கு மேற்பட்ட சுலோகங்களும் உடையது. கலைச்சொற்கள், அடிப்படைச் செயல்கள், பின்னம், பல்வகைக் கணக்கு, மூன்றிலக்க விதி, கலப்புக் கணக்கு, பரப்பளவு, குழிக்கணக்கு, நிழற்கணக்கு என அது செல்கிறது. முதல் அதிகாரம் நீட்டல், முகத்தல், நிறுத்தல் அளவைகளையும் எண்ணின் இடப்பெயர்களையும் தருகிறது. ஒன்று, பத்து, நூறு எனத் தொடங்கி மகாக்ஷோபம் வரை அவர் கூறும் இடங்கள் 24. எண்களைக் குறிக்க அவர் காட்டும் சொற்களும் சமணர் செவிக்கு இனியவை. ரத்தினம் என்றால் 3, கஷாயம் 4, திரவியம் 6, தத்துவம் 7, கர்மம் 8, ஜினர் 24. கணக்கு கற்கும் சிறுவன் நவில நவிலத் தத்துவத்தின் தொகையும் உடன் மனத்தில் பதிந்துவிடும்.

கூட்டலையும் கழித்தலையும் அவர் தனிப் பாடமாக வைக்கவில்லை. பெருக்கலில்தான் தொடங்குகிறார். வீட்டிலும் தெருவிலும் பிள்ளை தானே கற்றுவரும் பகுதியில் ஏட்டை வீணாக்க அவர் விரும்பவில்லை போலும்.

பெருக்கல் பாடத்தில் ஆசிரியரின் முகம் முதன்முறையாகத் தெரிகிறது. உலர்ந்த எண்களைத் தந்து பெருக்கச் சொன்னால் மாணவன் சோர்வான். ஆகவே விடை ஒரு மாலையைப் போல் அமையும் கணக்குகளாகத் தேர்ந்து தருகிறார். 152207-ஐ 73-ஆல் பெருக்கினால் 11111111 வரும். 142857143-ஐ 7-ஆல் பெருக்கினால் 1000000001. 27994681-ஐ 441-ஆல் பெருக்கினால் 12345654321. ஏறி இறங்கும் மணிமாலை. விடையைக் கண்டவுடன் தான் செய்தது சரி என்று மாணவனே அறிந்துகொள்வான். ஆசிரியரிடம் ஓடிச் சென்று காட்ட வேண்டுவதில்லை. வகுப்பறையில் நெடுநாள் நின்ற ஒருவரே இத்தகைய கணக்கைத் தேடிச் செய்வார்.

இனி அவர் படிப்படியாகக் கணக்குத் தீர்க்கும் வகையைச் சில எடுத்துக்காட்டுகளால் காணலாம். ஏடும் எழுதுகோலும் கையில் இருந்தால் இப்பகுதி இன்னும் சுவைக்கும்.

கலப்புக் கணக்கு அதிகாரத்தில் ஒரு பழக்கடைக் கணக்கு வருகிறது. 9 நாரத்தையும் 7 விளாம்பழமும் சேர்ந்து விலை 107. 7 நாரத்தையும் 9 விளாம்பழமும் சேர்ந்து விலை 101. ஒவ்வொன்றின் விலை யாது? ஆசாரியர் தரும் விதியின்படி பெரிய விலையைப் பெரிய எண்ணிக்கையால் பெருக்க வேண்டும்: 107-ஐ 9-ஆல் பெருக்க 963. சிறிய விலையைச் சிறிய எண்ணிக்கையால் பெருக்க வேண்டும்: 101-ஐ 7-ஆல் பெருக்க 707. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க 256. எண்ணிக்கைகளின் வர்க்கங்கள் 81, 49. அவற்றின் வேறுபாடு 32. 256-ஐ 32-ஆல் வகுக்க 8 கிடைக்கிறது. இது நாரத்தையின் விலை. 9 நாரத்தைக்கு 72 போக, 107-ல் எஞ்சிய 35-ஐ 7-ஆல் வகுத்தால் விளாம்பழத்தின் விலை 5. இரண்டாம் கூற்றில் வைத்துப் பார்த்தால் 56-ம் 45-ம் சேர்ந்து 101, விடை பொருந்துகிறது.

இன்று பள்ளியில் இரு மாறிகளில் ஒருங்கமை சமன்பாடுகள் என்று கற்பிக்கப்படுவது இதுவே. அங்கு எக்ஸ், ஒய் என்று எழுதப்படும் இடத்தில் ஆசாரியர் இரு கனிகளை வைத்தார். எக்ஸைக் கண்டு மிரளும் பிள்ளை விளாம்பழத்தைக் கண்டு மிரளுவதில்லை என்பதைப் பெற்றோர் எவரும் சோதித்துப் பார்க்கலாம்.

அடுத்தது வழியில் கிடந்த பணப்பையைப் பற்றியது. மூன்று வணிகர் ஒரு பையைக் காண்கின்றனர். அப்பை தன் கைக்கு வந்தால் மற்ற இருவர் பொருளையும் கூட்டியதைப் போல் இருமடங்கு தன்னிடம் இருக்கும் என்கிறான் முதல்வன். தனக்கு வந்தால் மும்மடங்கு என்கிறான் இரண்டாமவன். ஐந்து மடங்கு என்கிறான் மூன்றாமவன். பையில் இருந்தது எவ்வளவு? ஒவ்வொருவன் கையிலும் எவ்வளவு? கேட்ட மாத்திரத்தில் தலை சுற்றும் கணக்கு. அறியவேண்டிய பொருள்கள் நான்கு. தரப்பட்ட கூற்றுகளோ மூன்று.

ஆசாரியரின் விதிக்கு அடியில் உள்ள கருத்தை இன்றைய நடையில் விரித்தால், முதலில் செய்யத்தக்கது எல்லாவற்றையும் ஒரு மொத்தமாக எண்ணிக்கொள்வது. முதல்வன் பையை எடுத்தால் அவனிடம் இரண்டு பங்கு, மற்ற இருவரிடம் ஒரு பங்கு; ஆக மற்ற இருவரின் பொருள் மொத்தத்தில் 3-ல் 1. இவ்வாறே இரண்டாமவனை நீக்கிய இருவரின் பொருள் 4-ல் 1. மூன்றாமவனை நீக்கிய இருவரின் பொருள் 6-ல் 1. பின்னம் வராதபடி மொத்தத்தை 24 எனக் கொண்டால் இவை முறையே 8, 6, 4. இம்மூன்றையும் கூட்ட 18. இக்கூட்டலில் ஒவ்வொருவன் பொருளும் இருமுறை எண்ணப்பட்டுள்ளது. ஆகவே பாதியாக்க, மூவர் பொருளும் சேர்ந்து 9. மொத்தமான 24-லிருந்து 9 போக, பையில் இருந்தது 15. 9-லிருந்து 8, 6, 4 ஆகியவற்றைத் தனித்தனியே கழிக்க, மூவரிடமும் இருந்தவை 1, 3, 5. முதல்வன் பையை எடுத்தால் அவனிடம் 16, மற்றவரிடம் 8. இரண்டாமவன் எடுத்தால் 18, மற்றவரிடம் 6. மூன்றாமவன் எடுத்தால் 20, மற்றவரிடம் 4. மூவர் கூற்றும் மெய். எல்லாவற்றையும் இருமடங்காக்கி 30, 2, 6, 10 என்றாலும் கணக்குப் பொருந்தும். கூற்றுகள் ஒன்று குறைவாக இருப்பதன் விளைவு அது.

சமந்தபத்திரரின் ரத்னகரண்டக சிராவகாசாரத்தையும் அதன் வழிவந்த அருங்கலச்செப்பையும் பயின்ற வீட்டார் இங்கு ஒரு புன்முறுவல் கொள்வர். விழுந்து கிடக்கும் பிறர் பொருளை எடுத்தலும் களவே என்பது இல்லறத்தானின் அணுவிரதம். ஆசாரியர் அதை அறியாதவர் அல்லர். அவர் கணக்கில் மூன்று வணிகரும் வந்தால் என்று பேசுகின்றனரேயன்றிப் பையை எவனும் எடுத்ததாக இல்லை.

மேலே 3, 4, 6 ஆகியவற்றுக்குப் பொதுவான ஓர் எண்ணை நாடியது நினைவிருக்கும். அத்தகைய எண்களுள் மிகச் சிறியதற்கு மகாவீராசாரியர் இட்ட பெயர் நிருத்தம். பின்னங்களைக் கூட்டுவதற்கு மீச்சிறு பொது மடங்கைக் கண்டு பயன்படுத்தும் முறையை இந்தியக் கணித நூல்களில் முதலில் தெளிவாகச் சொன்னவர் அவர் என்று கணித வரலாற்றாசிரியர் கூறுவர். அதற்கு முன் பகுதிகளையெல்லாம் ஒன்றோடொன்று பெருக்கிப் பெரிய எண்களைச் சுமந்து திரிய வேண்டியிருந்தது. ஒன்று என்னும் முழுமையைப் பல பின்னங்களாகப் பிரிப்பதற்கும் அவர் விதி தந்தார். 2-ல் 1, 3-ல் 1, 9-ல் 1, 18-ல் 1 ஆகிய நான்கையும் கூட்டினால் சரியாக 1 வரும். மும்மூன்று மடங்காகப் பெருகும் 1, 3, 9, 27 என்னும் வரிசையில் முதலெண்ணை 2-ஆலும் கடையெண்ணை மூன்றில் இரண்டாலும் பெருக்கினால் இப்பகுதிகள் கிடைக்கும். வரிசையை எவ்வளவு நீட்டினாலும் கூட்டுத்தொகை ஒன்றே.

யானைக் கணக்கு இன்னும் ஒரு படி மேலே செல்வது. ஒரு யானைக் கூட்டத்தில் மூன்றில் ஒரு பங்கும், எஞ்சியதன் வர்க்கமூலத்தைப் போல் மும்மடங்கும் மலைச்சாரலில் நின்றன. இறுதியாக எஞ்சிய ஒரு களிறும் மூன்று பிடிகளும் நீர்நிலையில் இருந்தன. கூட்டம் எத்தனை? மலைச்சாரல், நீர்நிலை, களிறு, பிடி என்னும் இக்காட்சி குற்றாலம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விளக்கம் வேண்டாதது.

வர்க்கமூலத்தின் மடங்கு 3. அதில் பாதி 3/2. அதன் வர்க்கம் 9/4. இறுதி மிச்சம் 4; இரண்டையும் கூட்ட 25/4. அதன் வர்க்கமூலம் 5/2. முன்பு எடுத்த பாதியான 3/2-ஐ இதனோடு கூட்ட 4. இதன் வர்க்கம் 16. மூன்றில் ஒரு பங்கு போக எஞ்சியது இந்த 16, எனவே அது மூன்றில் இரண்டு பங்கு, முழுக்கூட்டம் 24. எட்டு யானைகள் முதலில் நின்றவை, 16-ன் மூலமான 4-ஐப் போல் மும்மடங்கு 12, மிச்சம் 4. இருபடிச் சமன்பாடு என்ற பெயரைக் கேட்டாலே அஞ்சும் மாணவரும் இவ்வழியில் ஒரு படியிலிருந்து மறுபடிக்குத் தடுமாறாமல் செல்வர். எந்தப் படியும் நூல் கற்றோர்க்கே உரிய மறைபொருளாக வைக்கப்படவில்லை.

அறுந்துபோன முத்துமாலை பற்றியும் ஒரு கணக்கு உண்டு. மங்கையொருத்தியின் மாலை அறுந்தது. மூன்றில் ஒரு பங்கு முத்துகள் தோழியின் கையில் சேர்ந்தன. ஆறில் ஒரு பங்கு படுக்கையில் விழுந்தன. எஞ்சியதில் பாதி, அதில் எஞ்சியதில் பாதி என ஆறு முறை அங்குமிங்கும் சிதறின. இழையில் மிஞ்சியவை 1,161. இதற்கு இருமடங்காக்கத் தெரிந்தால் போதும். மூன்றில் ஒன்றும் ஆறில் ஒன்றும் சேர்ந்து பாதி. அதன்பின் ஆறு பாதிகள். ஆக ஏழு முறை பாதியாயிற்று. ஆகவே பின்னோக்கி ஏழு முறை இருமடங்காக்க வேண்டும்: 2,322; 4,644; 9,288; 18,576; 37,152; 74,304; 1,48,608. இத்தனை முத்துகளைத் தாங்கும் கழுத்து உலகில் இல்லை. மாணவன் விடை கண்டதும் சிரிக்க வேண்டும் என்பது ஆசாரியரின் எண்ணமாக இருந்திருக்கலாம். துறவு நெறியைப் போற்றியவர் இல்லறத்தாரின் படுக்கையறையில் சிதறிய முத்தையும் எண்ணினார் என்பதில் வியப்படைவோர் உண்டு. அதே அவையில் காவியமும் தழைத்தது என்பதை அவர்கள் மறக்கலாகாது.

அறுசுவைக் கணக்கு அடுக்களைக்கு உரியது. இனிப்பு, புளிப்பு, கார்ப்பு, உவர்ப்பு, கைப்பு, துவர்ப்பு ஆகிய ஆறையும் தனித்தனியாகவும் கலந்தும் எத்தனை வகையாக ஆக்கலாம்? தனித்தனியே 6. இரண்டிரண்டாகக் கலக்க, 6-ஐயும் 5-ஐயும் பெருக்கி 1, 2 ஆகியவற்றின் பெருக்கமான 2-ஆல் வகுக்க 15. மும்மூன்றாக, 6, 5, 4 ஆகியவற்றின் பெருக்கமான 120-ஐ 1, 2, 3 ஆகியவற்றின் பெருக்கமான 6-ஆல் வகுக்க 20. நான்கு நான்காக 15, ஐந்தைந்தாக 6, ஆறும் சேர 1. எல்லாம் கூட்ட 63. மேல்வரிசையில் எண்களை இறங்குமுகமாகவும் கீழ்வரிசையில் ஏறுமுகமாகவும் வைத்து வகுக்கும் இவ்விதி எத்தனை பொருளுக்கும் பொருந்தும் பொதுவிதி. மணிகளைக் கலந்து கோக்கும் மாலைக்கும் இதனையே அவர் காட்டினார்.

பெரியோரைப் போற்றும்போது அவர்தம் குறைகளை மறைப்பது வழக்கமாகிவிட்டது. மகாவீராசாரியருக்கு அத்தகைய மறைப்பு வேண்டுவதில்லை. ஓர் எண்ணைச் சுழியால் பெருக்கினால் சுழி என்றும், சுழியைக் கழித்தால் எண் மாறாது என்றும் சரியாகச் சொன்ன அவர், சுழியால் வகுத்தாலும் எண் மாறாது என்று எழுதினார். இது பிழை. பங்கிட ஆளில்லாதபோது பொருள் பங்கிடப்படாமல் அப்படியே இருக்கும் என்று அவர் கருதியிருக்கக்கூடும். 1150-ல் லீலாவதி எழுதிய பாஸ்கரர் சுழியால் வகுத்த எண்ணை வேறாகக் கண்டு அதற்குத் தனிப்பெயர் இட்டார். நீள்வட்டத்தின் சுற்றளவுக்கும் பரப்புக்கும் விதி கூற முயன்ற துணிவு மகாவீராசாரியருடையது. அவ்விதிகளோ தோராயமானவை, பரப்புக்கு உரியது பொருந்தாதது.

ஆனால் அவர் உறுதியாக நின்ற ஓரிடம் உண்டு. நேரெண்ணின் வர்க்கமும் நேரெண். எதிரெண்ணின் வர்க்கமும் நேரெண். ஆகவே எதிரெண் இயல்பில் எந்த எண்ணின் வர்க்கமும் ஆகாது. அதற்கு வர்க்கமூலம் இல்லை என்று தெளிவாக உரைத்தார். அக்காலத்து எண்களின் எல்லை எது என்று கண்டு அங்கே கோடிட்டவர் அவர். அந்த எல்லைக்கு அப்பால் கற்பனை எண்களை வைத்துக் கணிதம் நடக்கப் பல நூற்றாண்டுகள் ஆயின.

நூல் தென்னாட்டில் பரவியது. பதினோராம் நூற்றாண்டில் பாவுலூரி மல்லனர் இதனைத் தெலுங்குச் செய்யுளாக்கினார். தெலுங்கில் கணிதத்துக்குத் தோன்றிய முதல் நூல் அது. தம் நாட்டாருக்கு ஏற்ப அளவைகளையும் எடுத்துக்காட்டுகளையும் மாற்றிய மல்லனர், ஜினரைப் போற்றும் இடங்களில் தம் சைவ நெறிக்கு உரியவற்றை அமைத்துக்கொண்டார். இதைக் குறையாகச் சொல்வோர் உண்டு. நாரத்தையும் யானையும் எந்நெறியார்க்கும் பொது ஆதலால் கணக்கு அதனால் கெடவில்லை. ஆசாரியரின் திருவுருவம் மட்டும் மங்கியது. கன்னட நாட்டில் வல்லபர் போன்றோர் உரை செய்ய, மூடபித்ரி போன்ற இடங்களில் ஓலைகள் காக்கப்பட்டு வந்தன. பொருள் அறிந்தோர் குறைந்தபோதும் ஓலையைப் பாதுகாப்பது புண்ணியம் என்ற சாஸ்திரதான மரபு அறிவை அழியாமல் காத்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் ஒரு திருப்பம் நேர்ந்தது. மாநிலக் கல்லூரியின் வடமொழிப் பேராசிரியர் எம். ரங்காசாரியர் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் காப்பாளராகவும் இருந்தார். இந்தியக் கணித வரலாற்றுக்குப் புத்தொளி தரும் சுவடி ஏதேனும் நூலகத்தில் உள்ளதா என்று பார்க்குமாறு அப்போதைய பொதுக்கல்வி இயக்குநர் ஜி. எச். ஸ்டூவர்ட் அவரைக் கேட்டுக்கொண்டார். தேடியதில் கணிதசாரசங்கிரகத்தின் நிறைவுறாத மூன்று சுவடிகள் வெளிப்பட்டன. மைசூரிலிருந்தும் மூடபித்ரியிலிருந்தும் பிற சுவடிகளைப் பெற்று அவர் ஒப்பிட்டார். பகவத்கீதைக்கு விரிவுரை நிகழ்த்திய பெரும்புலவர் அவர்; சமண நூலின் ஜின வணக்கத்தை ஓர் எழுத்தும் குறையாமல் பதிப்பித்தார். அச்சேறுவதற்கு முன்பே, 1908-ல் ரோம் நகரில் கூடிய உலகக் கணித மாநாட்டில் அமெரிக்கப் பேராசிரியர் டேவிட் யூஜின் ஸ்மித் இந்நூலைப் பற்றி உரையாற்றினார்.

1912-ல் சென்னை அரசு அச்சகம் மூலத்தையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் ஒரே நூலாக வெளியிட்டது. 1963-ல் சோலாப்பூரிலிருந்து எல். சி. ஜெயினின் இந்தி மொழிபெயர்ப்பு வந்தது. ரங்காசாரியர் பதிப்பின் பின்னிணைப்பில் கணக்குகளின் விடைகள் அதிகார வரிசையில் தரப்பட்டுள்ளன. நாரத்தைக்கு 8, விளாம்பழத்துக்கு 5; பையில் 15; கூட்டத்தில் 24 யானைகள்.